கால் வளர்ந்திருக்குமே

பிற்பகல் வெயில் கண்ணாடிக் கதவு வழியே நுழைந்து, குழந்தைகள் செருப்புக் கடையின் மூலை மேசைவரை நீண்டு கிடக்கிறது. வாடிக்கையாளர் பட்டியலைக் கவனிக்கும் பெண் போனைத் தோளில் இடுக்கியபடி ஒவ்வொரு எண்ணாக அழைத்துச் சரிபார்க்கிறாள். செருப்பு வாங்கிய ஆறாம் மாதம், "செல்லத்தின் கால் வளர்ந்திருக்குமே, அடுத்த அளவு தயார்!" என்று கடையிலிருந்து செய்தி போவது வழக்கம். போன முறை ஒரு தாய் பதில் அனுப்பியிருந்தாள்: "இனிமே வளராதுங்க. குழந்தை தவறிட்டா." அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் இவள் ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிக்கத் தொடங்கினாள். "நாலாயிரம் பேரும்மா! இப்படிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தா எப்ப முடியும்? ஒரே தட்டுல அனுப்பிவிடு," என்று மேலாளர் பக்கத்தில் நின்று குதிக்கிறார். "விசாரிக்காம ஒண்ணுகூடப் போகாது சார்," என்கிறாள், நிமிராமலே. அடுத்த எண்ணில் மணி அடிக்கிறது. "செருப்புக் கடையிலேர்ந்து பேசறேன். குழந்தை நல்லா இருக்கானாங்க?" என்று கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். மறுமுனையில் ஏதோ தடாலென்று விழுகிறது. தடதடவென்று சின்னக் கால்கள் ஓடுகின்றன. "டேய், நில்லுடா!" என்று கத்திய குரல் இவளிடம் திரும்புகிறது: "கால் அளவுதானே? நின்னாத்தானேங்க அளக்கிறதுக்கு!" அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் அழுத்தி ஒரு சரிக்குறி போடுகிறாள். அடுத்த எண்ணை அழுத்துகிறாள். மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.