சிவப்பு ஜன்னல்

“நான் ஜெனரல் மேனேஜர். எனக்கே அனுமதி இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. உடனே ரூட் குடும்மா” என்றார் இராஜமாணிக்கம்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்த அந்த அலுவலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ்தான். ரூட் என்கிற முழு அதிகாரத்தோடு ஃபைல் மேனேஜரைத் திறந்தால் திரையில் ஜன்னல் சிவப்பாக வரும். அப்புறம் எதை அழித்தாலும் கம்ப்யூட்டர் தடுக்காது.

சிஸ்டம் அட்மின் அனுஷா அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதோ தட்டினாள். குண்டு மானிட்டரில் ஜன்னல் சிவந்தது. அவர் முகம் மலர்ந்தது.

விஷயம் தெரிந்ததும் டீம் லீடர் நாகேஷ் கேன்டீனில் அவளைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.

“அவருக்குப் போய் ரூட்டா? கை தவறினா மொத்த ஆபீசும் காலி. ஒரு வருஷமா ரூட் வச்சிருக்கேன், நானே பயந்து பயந்துதான் மவுசைத் தொடுறேன்.”

“ரூட் எங்க குடுத்தேன்? அவர் கேட்ட ஃபோல்டரை மட்டும் திறந்துவிட்டு, ஜன்னலுக்குச் சிவப்பு கலர் அடிச்சேன். அவ்வளவுதான்.”

நாகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். “பாவம், அதை நம்பிட்டாரா மனுஷன்?”

அனுஷா காபியை ஆற்றினாள்.

“போன வருஷம் நீங்களும்தான் நம்பினீங்க.”