வேனல் கட்டி

முகம்மது இப்ராஹிமுக்குப் பெரியம்மை வந்திருக்க வழியே இல்லை. அவனிடம் சான்றிதழ் இருந்தது.

சாதாரணச் சான்றிதழ் இல்லை. 'இன்னாருக்கு அம்மை குத்தியாகிவிட்டது' என்று பிரெஞ்சு சர்க்கார் ஐம்பத்து மூன்று பிப்ரவரியில் முத்திரை போட்டு, ஊதா மையில் கையெழுத்திட்டுக் கொடுத்தது. அது இல்லாமல் சிதம்பரத்தில் விடுதி வாசலை மிதிக்க முடியாது. பி.எஸ்ஸி. இறுதித் தேர்வும் எழுத முடியாது.

இப்ராஹிம் மிதித்தான், எழுதினான், காரைக்கால் திரும்பினான், நான்காம் நாள் காய்ச்சலில் விழுந்தான்.

இன்றைக்கு எட்டாவது நாள். முகத்தில் ஊசி குத்த இடமில்லை. இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டுவிட்டன. வாழையிலையில் கிடந்தபடி, கண் மறுபடி திறக்குமா, உயிர் தங்குமா என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தான்.

காலையில் சுகாதார அதிகாரி வந்தார். வந்தார் என்றால், வாசல்படி வரைக்கும். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சான்றிதழை இரண்டு தடவை படித்தார். நோயாளியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"சர்த்திபிகா சரியாத்தான் இருக்கு. இது வேனல் கட்டி. இளநி குடுங்க" என்று சொல்லிவிட்டு, தெருமுனைக் குழாயில் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

முத்திரை போட்ட காகிதம் ஒன்றைச் சொல்லி, உடம்பு வேறொன்றைச் சொன்னால், காரைக்காலில் உடம்புதான் தப்பு.

எதிர் வரிசையில், கடற்காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஜெகபர் சாதிக், கோவிந்தராசு, பூமிநாதன். இப்ராஹிமோடு ஒன்றாகப் படித்தவர்கள். மூவரிடமும் அதே சான்றிதழ், அதே ஊதா மை. இருந்தும் ஒருவனும் தெருவைத் தாண்டவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் அல்லவா?

உதவிக்கு வராவிட்டாலும் அறிவை அனுப்பினார்கள். கொப்புளம் எத்தனையாவது நாள் பழுக்கும், எப்போது காயும், எத்தனை பேருக்குக் கண் போகும் என்பதையெல்லாம் கோவிந்தராசு அங்கிருந்தே உரக்கச் சொன்னான். பாடப்புத்தகத்தின் பக்க எண்ணையும் விடவில்லை.

இப்ராஹிமும் லேசுப்பட்டவன் இல்லை. 'அம்மை குத்துவதன் அவசியம்' என்ற கட்டுரைக்குப் பல்கலைக்கழகத்திலேயே முதல் பரிசு வாங்கியவன். 'எழுத்தறியாத கடற்கரை மக்கள் ஊசியைக் கண்டு ஓடி ஒளிகிறார்கள். அவர்களுக்கு அறிவூட்டுவது மாணவர் கடமை' என்று கட்டுரையை முடித்திருந்தான். நடுவர்கள் உருகிப்போனார்கள். பரிசுக் கோப்பை அலமாரியில்தான் இருந்தது. அவனால்தான் பார்க்க முடியவில்லை.

அறைக்குள் அவனோடு இருந்தது முத்தையன் ஒருவன்தான். வாப்பாவின் தோணியில் வேலை பார்க்கிறவன், எழுத்தறியாத கடற்கரை மக்களில் ஒருவன். எட்டு நாளாக இலை மாற்றியதும், உதடு நனைய இளநீர் விட்டதும், வேப்பிலைக் கொத்தால் ஈ ஓட்டியதும் அவன்தான். உம்மா ஷரீபுன்னிசா உள்ளே வரத் துடித்தபோதெல்லாம், "தம்பியோட அக்கா பச்சப்புள்ளய வச்சிருக்கு, நீங்க அந்தப் பக்கமே இருங்கம்மா" என்று நிலைப்படியில் நிறுத்தியதும் அவன்தான்.

இப்ராஹிமுக்கு வெட்கமாக இருந்தது. இவனையும் சேர்த்துக் கொன்றுவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது.

"ஒட்டிக்குமே முத்தையா. உனக்குப் பயமில்லையா?"

முத்தையன் சிரிப்பது கேட்டது. இப்ராஹிமின் விரலைப் பிடித்துத் தன் இடது தோளுக்குக் கீழே வைத்தான். வட்டமாக, அழுந்திய தழும்பு. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு விரலை வலது கைக்கு நகர்த்தினான். அங்கேயும் இரண்டு.

"பரிச்சை நேரத்துல உங்களுக்கெல்லாம் கை வீங்கப்படாதுன்னு சாதிக் தம்பிதான் என்னை நிக்கச் சொன்னுச்சு. ஒரே நாள்ல நாலு தடவை. தொப்பி போட்டு ரெண்டு, துண்ணூறு பூசி ரெண்டு. குத்துறவரு பேரைத்தான் கேட்டாரு, மூஞ்சியப் பாக்கல. அப்புறம் ஒரு வாரம் ரெண்டு கையும் தூக்க முடியல, தோணிக்கே போவல."

சான்றிதழ் நான்கையும் சாதிக்தான் வாங்கி வந்து கொடுத்தான். எப்படிக் கிடைத்தது என்று இப்ராஹிம் கேட்கவில்லை. அப்போது அவன் மும்முரமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான்.

முத்தையன் விரலை மறுபடி இடது கைக்குக் கொண்டுவந்தான்.

"அந்தக் கையில இருக்குறது கோவிந்தராசு தம்பியும் பூமிநாதன் தம்பியும். இங்க மேல இருக்குறது சாதிக் தம்பி. கீழ இருக்குறது நீங்க."

இப்ராஹிம் அழுதான். ஒட்டிய இமைகளுக்குள்ளிருந்து தண்ணீர் இறங்க, வழியிலிருந்த புண்ணெல்லாம் எரிந்தது. தெருவில் கோவிந்தராசு பாடப்புத்தகத்தின் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தான்.

விரலை இப்ராஹிம் எடுக்கவில்லை. தழும்பு கட்டைவிரல் நகத்தளவுதான் இருந்தது. உலகத்திலேயே அந்த ஓர் இடத்தில் மட்டும் முகம்மது இப்ராஹிமுக்குப் பெரியம்மை வரவே வராது.