மறுபடியும் கழுவுகிறவர்

ஒலிவாங்கி கைக்கு வந்ததும் வதனி முன்வரிசையைப் பார்த்தாள்.

அங்கே மாமா இருந்தார். தடாஷி ஹமாகுச்சி. தொண்ணூறு வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாத மனிதர். மடியில் தொப்பி. பக்கத்தில் அவருடைய மகன் கென், அவள் கணவன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டொரொன்டோவில் ஜப்பானியச் சமூக மண்டபம். குடும்பக் கதைகளின் நாள். வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும், வீட்டுக்கு ஒருவர் பேச வேண்டும்.

நீண்ட மேசையில் ஒரு வீட்டின் தேநீர்க் குடுவை இருந்தது. இன்னொரு வீட்டின் பொம்மை. போர்க்காலத்தில் முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போன ஒரு பெட்டி.

ஹமாகுச்சி என்ற அட்டைக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

அவர்களிடம் இருந்தது ஒரு மீன்பிடிப் படகு. ஜப்பானோடு போர் வந்ததும், ஜப்பானிய முகம் என்பதற்காகக் கனடா அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. கென்னுக்கே தெரிந்தது அவ்வளவுதான். மேலே கேட்டால் மாமா எழுந்து போய்ப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். மழை பெய்தாலும் விடுவார்.

அந்தப் படகைக் கண்ணால் பார்த்தவர்களில் இனி மிச்சம் அவர் ஒருவர்தான். அவர் சொல்லாவிட்டால் அந்தக் கதை அவரோடு போய்விடும்.

அவர் மாட்டேன் என்றுவிட்டார். வந்து உட்காருவேன், வாய் திறக்க மாட்டேன்.

அதனால்தான் மருமகள் நிற்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரி. மண்டபத்தில் சேலை கட்டிய ஒரே ஆள். நிகழ்ச்சியை நடத்துகிற யோஷிமி, “வதனி, நீங்களா பேசப்போறீங்கள்?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஒலிவாங்கியைக் கொடுத்தாள்.

அந்தக் கேள்வி சுட்டது. இருபது வருடமாக அவளும் ஹமாகுச்சிதான்.

இருபது வருடத்தில் மாமாவைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

அவள் கழுவிவைத்த கோப்பையை அவர் மறுபடியும் கழுவுவார்.

குறை சொல்ல மாட்டார். முகம் சுளிக்க மாட்டார். எடுப்பார், கழுவுவார், துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், வைப்பார்.

மணமுடித்து வந்த முதல் பனிக்காலத்தில், அவர் அப்படிக் கழுவிக்கொண்டிருந்த ஒருநாள், அவள் தன் வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஷெல் சத்தத்துக்கு நடுவில் ஊரே வெளிக்கிட்ட நாளில், மூட்டையை வாசல் படலையடியில் வைத்துவிட்டு, அம்மா திரும்பிப் போய் முற்றம் கூட்டியதை. அதன் பிறகு அந்த வீட்டுக்கு அவர்கள் போகவேயில்லை.

மாமா கையிலிருந்த கோப்பையை இன்னொரு தடவை கழுவினார்.

கல் மனிதர் என்று நினைத்தாள். அன்றிரவு கென்னுக்குத் தெரியாமல் அழவும் அழுதாள்.

இப்போது அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பேசியது ஆங்கிலத்தில்தான். தலைக்குள் ஓடியது ஊர்ப் பேச்சு.

“எங்கட படகு பழைய படகு. ஒரே ஊத்தை. மீன் நாத்தம். பறிக்க வந்தவங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறியிருப்பாங்கள்.”

கென் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அப்படி ஒரு கதையை அவன் கேட்டதேயில்லை. எவரும் கேட்டதில்லை. அவள் அந்த நிமிடத்தில்தான் அதைக் கட்டினாள்.

தொப்பி கீழே விழுந்தது.

மாமா எழுந்துவிட்டார்.

“ஊத்தை இல்லை.”

ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

கைகொடுக்க எழுந்த கென்னைத் தட்டிவிட்டு முன்னால் வந்தார். அவளிடமிருந்து ஒலிவாங்கியைப் பறித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். காதுவரை சிவந்திருக்க, சொல்லத் தொடங்கினார்.

படகைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா அதைக் கழுவினார். பலகை பலகையாகக் கழுவினார். தண்ணீர் சுமந்தது நான். எனக்கு ஏழு வயது. டிசம்பர் மாதம், வாளியின் கைப்பிடி தோலோடு ஒட்டியது. அம்மா கரையில் நின்று கத்தினாள், பறிக்கிறவனுக்கு எதற்குக் கழுவிக் கொடுக்கிறீர்கள் என்று. அப்பா காதில் வாங்கவில்லை. இயந்திரத்தின் பித்தளையைக்கூடத் தேய்த்தார்.

மாமா நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டார்.

யார் கையில் போனாலும் போகட்டும், யார் வைத்திருந்த படகு என்று பார்த்ததும் தெரிய வேண்டும். அப்பா சொன்னது அதுதான்.

கென் முகத்தை மூடிக்கொண்டான். யோஷிமி மேசைக்குப் போய், ஓரமாகக் கிடந்த ஹமாகுச்சி அட்டையை எடுத்து, அந்த வெறும் இடத்தின் நடுவில் நிமிர்த்திவைத்தாள்.

வதனிக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இவர் என் மாமா என்று அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கூடவே அவள் கண்ணுக்குள் அம்மாவின் விளக்குமாறு அசைந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, தன் வேலை முடிந்ததென்று நாற்காலிப் பக்கம் நகர்ந்தாள்.

மாமா அவள் முழங்கையைப் பிடித்தார்.

ஒலிவாங்கியைச் சட்டை நுனியால் ஒருதடவை துடைத்தார். அவள் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“உன்ர அம்மா முற்றம் கூட்டினதையும் சொல்லு.”

யோஷிமி இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

அவள் தொடங்கினாள்.

எங்கேயாவது பிழையாகச் சொன்னால் திருத்துவதற்காக, மாமா பக்கத்திலேயே நின்றார்.