மூக்கம்மாவின் கையெழுத்து

முதலாளியே பீப்பாய்க் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தார்.

"பதினெட்டு வருஷ விஸ்கி. லேபிள் அச்சாயிடுச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது."

மோந்து பார்த்தே விஸ்கியின் வயதைச் சொல்லிவிடும் அவளுக்கு அந்த ஆலையில் மூக்கம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் கையெழுத்தில்லாமல் ஒரு பாட்டில் வெளியே போகாது.

கிளாஸைச் சுழற்றி மூக்கருகே பிடித்தாள். பீப்பாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இது எட்டு வருஷம் சார். போட மாட்டேன்."

"இன்னொரு தடவை மோந்து பாருங்க."

"நூறு தடவை மோந்தாலும் எட்டுதான்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

முதலாளி கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யார்கிட்ட கதை விடுறீங்க? காய்ச்சலுக்கு அப்புறம் உங்களுக்கு வாசனையே தெரியலைன்னு கம்பெனி டாக்டர் சொல்லிட்டார். அது தெரிஞ்சுதான் இதைக் காட்டினேன்."

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஆமா சார், மூணு மாசமா மூக்கு செத்துப்போச்சு. கண்ணு நல்லாத் தெரியுது." பீப்பாய் மூடியில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்த எண்ணைத் தொட்டாள். "இது நான் எழுதினது. விஸ்கி வாடையே குமட்டுதுன்னு, ஒரே ஒரு வருஷம் என்னை வெறும் பீப்பாய்க்கு நம்பர் போட மாத்தினீங்களே."

"அது எந்த வருஷம்னு ஞாபகமா இருக்கும்?"

"என் பொண்ணு வயித்துல இருந்த வருஷம். அவ இப்ப மூணாம் வகுப்பு. உனக்குப் பதினெட்டு வயசுன்னு அவகிட்ட வந்து சொல்லிப் பாருங்க."