சமையல்கட்டில் ஒரு தட்டு

"மேனேஜர் மறிக்கல. இதை எடுக்காதீங்க" என்றார் ஓடெஸா.

காமிரா நின்றது. ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில், மேனேஜராக நடித்தவர் நீட்டிய கையை இறக்கினார். அவருக்குப் பின்னால் மேசைகள் தயாராக இருந்தன. ஒவ்வொரு தட்டுக்கு முன்னும் ஒரு வீரரின் பெயர் எழுதிய அட்டை. இளம் கார்னெலாக நடித்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நிஜக் கார்னெல் டிப்ஸ் மனைவி ஓடெஸாவின் பக்கத்து நாற்காலியில் அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. தன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்த முதல் கறுப்பர். படம் அவருடைய கதை.

இயக்குநர் இமானி வந்து ஓடெஸாவின் முன் குந்தினாள். இந்தக் காட்சி இல்லாவிட்டால் படமே இல்லை என்று பொறுமையாகச் சொன்னாள். ஐம்பத்தாறாம் வருடம், ஆட்டத்துக்கு முந்தின நாள், வெள்ளை வீரர்கள் எல்லாரும் இந்தக் கூடத்தில் சாப்பிட, கார்னெல் மட்டும் சமையல்கட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் காயத்தோடுதான் மறுநாள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று முறை எல்லைக்கோட்டைத் தாண்டினார். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. கார்னெல் மறுத்ததில்லை.

"மிஸ் ஓடெஸா, நீங்க அப்ப இங்க சமையல்கட்டுல வேலை பார்த்தீங்க. மேனேஜர் இல்லைன்னா அவரை யார் மறிச்சது?"

ஓடெஸா கைப்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார். இந்தப் படத்தை அவர்களுடைய தேவாலயச் சபை முழுவதும் பார்க்கும். பொய்யென்று தெரிந்தே அவர்களோடு உட்கார்ந்து பார்க்க அவரால் முடியாது. சொல்லிவிட்டாலோ, ஐம்பத்துமூன்று வருடம் கூட வாழ்ந்தவர் எழுந்து போய்விடலாம்.

"நான்தான்" என்றார்.

கார்னெல் இன்னொரு கடலையை உரித்தார்.

ஓடெஸா இமானியைப் பார்த்தே சொல்லி முடித்தார். கார்னெலுக்கு இடமில்லையென்றால் மொத்த அணியையும் வெளியே கூட்டிப்போவதாகக் கோச் மிரட்டியிருந்தார். மத்தியானமே மேனேஜர் இறங்கிவந்து, கூடத்திலேயே அவருக்கும் தட்டு வைக்கச் சொல்லிவிட்டார். ஆனால் கார்னெல் பஸ்ஸிலிருந்து இறங்கியதை ஓடெஸா ஜன்னல் வழியே பார்த்திருந்தார். ஓடெஸாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. சமையல்கட்டுப் பெண்கள் கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது. கார்னெல் உள்ளே போய்விட்டால் அதோடு சரி, அப்புறம் பார்க்கவே முடியாது. அதனால் வாசலில் போய் நின்று, உனக்குச் சாப்பாடு பின்னாடி, சமையல்கட்டுல என்றார். கார்னெல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருடத்தில் யாரும் சந்தேகப்படுகிற சேதி இல்லை அது.

"எத்தனை ஊர்ல இவனை நிஜமாவே துரத்தினாங்க. அதுல நானும் ஒருத்தி ஆயிட்டேன். கல்யாணத்துக்கு முந்தி சொல்லணும்னு இருந்தேன். அப்புறம் முதல் குழந்தை பொறந்ததும் சொல்லலாம்னு. அப்படியே போயிடுச்சு."

இமானி வசனத் தாள்களை மூடினாள். கார்னெல் கடலைத் தோலைக் கைக்குட்டையில் கொட்டி முடிந்தார்.

"இவ எனக்கு எத்தனை கோழித்துண்டு வச்சான்னு எழுதியிருக்கியாம்மா?" என்று இமானியைக் கேட்டார்.

"இல்லை, மிஸ்டர் டிப்ஸ்."

"நாலு. கோச் என்னைத் தேடிட்டு சமையல்கட்டுக்கே வந்துட்டார். வயிறு சரியில்லைன்னேன். வாய் நிறையக் கோழி."

ஓடெஸா திரும்பினார். "கோச் வந்தாரா?"

"நீ சோளரொட்டி எடுக்கப் போயிருந்தே."

"அவர்கிட்ட எதுக்குப் பொய் சொன்னே?"

கார்னெல் கூடத்தின் வாசலைக் காட்டினார்.

"மூணாவது மேசை, சுவரோரம். கார்னெல் டிப்ஸ்னு பச்சை மையில எழுதியிருந்துது, பொண்ணே. நீ வந்து என்னை மறிச்சு நின்னப்ப, உன் தோளுக்கு மேல அதைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன்."