வலது தோளில் பூட்ஸ்

அந்தச் சின்ன டாங்கிக்குள் இரண்டே பேர். முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவன் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் படைக்கு வந்த சவரிராயன். அவன் முதுகையொட்டி நின்று சுடுபவர் அதிகாரி மொரேல். எஞ்சின் இரைச்சலில் எந்தப் பேச்சும் கேட்காது என்பதால் கட்டளையெல்லாம் பூட்ஸ் காலால்தான். முதுகில் உதைத்தால் போக வேண்டும், தோளில் உதைத்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், தலையில் உதைத்தால் நிற்க வேண்டும்.

பயிற்சியின் முதல் நாளே சவரிராயன் சொல்லிவிட்டான். "தலையில மட்டும் வேணாம் தொரை. எங்கப்பன்கூட என் தலையில கால் வச்சதில்ல."

மொரேல் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் அவர் குனிந்து, கையால் அவன் உச்சந்தலையை அழுத்துவார்.

இன்று கோதுமை வயலில், சண்டைக்கு நடுவே, பூட்ஸ் அவன் வலது தோளில் விழுந்தது. வலப்பக்கம் திரும்பினான். பூட்ஸ் எழவில்லை, கனத்தபடி அங்கேயே கிடந்தது. கட்டளை கட்டளைதானே, மேலும் திரும்பினான். டாங்கி ஒரே இடத்தில் வட்டமடித்தது. கதிர்கள் நசுங்கின. அவன் கழுத்து வழியாக வெதுவெதுப்பாக ஏதோ சட்டைக்குள் இறங்கியது. உச்சந்தலைக்குக் கை வரவில்லை.

சவரிராயன் தலையைப் பின்னால் சாய்த்துக்கொடுத்துக் கத்தினான்.

"தலையிலயே உதைங்க தொரை! ஒரே ஒரு தடவை உதைங்க!"