மிச்சம் நாளைக்கு

"பிள்ளையள் போகமுதல் விடையைச் சொல்லிவிடும்."

"ஏலாது சேர்."

ஏழாம் வகுப்பு மூச்சுவிட மறந்தது. பாடம் பார்க்க வந்த ஆசிரிய ஆலோசகரின் முகத்துக்கு நேரே ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. வாசலில் நின்ற அதிபர் சறோஜினிதேவிக்கு வியர்த்துக் கொட்டியது.

சொன்ன கிருசாந்திக்கும் உள்ளூரப் பயம்தான். விஞ்ஞான ஆசிரியையாக வந்தவளுக்கு நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆலோசகர் விநாயகமூர்த்தி எழுதப்போகும் அறிக்கையில்தான் எல்லாம் தங்கியிருந்தது.

விவகாரம் இரண்டு போத்தல் தண்ணீரில் தொடங்கியது. ஒன்று சாட்டிக் கடற்கரைக் கிணற்றில் அள்ளியது. மற்றது பள்ளிக்கூடக் கிணற்றில் அள்ளியது. பிள்ளைகள் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். விநாயகமூர்த்தியும் பார்த்தார்.

"கடலோடை ஒட்டிக் கிடக்கிற கிணறு இனிக்குது. கடலுக்குத் தள்ளிக் கிடக்கிற எங்கடை கிணறு கரிக்குது. ஏன்?" என்று கேட்டாள் கிருசாந்தி.

வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. சாட்டிக்கு அடியில் ஆறு ஓடுகிறது என்றான் நிலக்ஷன். மணல் உப்பை வடித்துவிடுகிறது என்றாள் நிலாந்தி. இரண்டு கட்சியும் கட்டிப்புரண்டு சண்டைபோடாத குறை. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

"மிச்சம் நாளைக்கு," என்று போத்தல்களை மூடிவிட்டாள் கிருசாந்தி.

அதற்குத்தான் அந்த உத்தரவும், இந்த 'ஏலாது'வும்.

பிள்ளைகள் போனதும் விநாயகமூர்த்தி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"உம்மடை பாடத்திட்டத்திலை முடிவு எங்கை? மதிப்பீடு எங்கை? இவ்வளவு காலம் படிப்பிச்சனான், இப்பிடி அந்தரத்திலை தொங்கிற பாடத்தை நான் கண்டதில்லை."

"முடிவு இருக்குது சேர். நாளைக்கு வைச்சிருக்கிறன். கேள்வி நல்லா விளைஞ்சு வந்த இடத்திலை வெட்டுறனான். அதுதான் இந்தப் பாடத்தின்ரை வடிவு."

"வடிவு பாக்க இதென்ன கலியாணவீட்டுச் சோடினையே?"

அதிபருக்குப் பொறுக்கவில்லை. "சேர், நண்டுக் காலம் வந்தால் இந்த வகுப்பிலை அரைவாசிப் பிள்ளையள் வராதுகள். வலையிலை நண்டு கழட்டப் போயிடுங்கள். இவ வந்தபிறகு ஒரு வாங்கிலையும் இடம் வெறுமையாக் கிடக்கிறேல்லை."

"அது வேறை, இது வேறை. பாடம் முழுமையில்லை எண்டுதான் நான் எழுதுவன்."

நியமனம் கைநழுவும் என்று கிருசாந்திக்குத் தெரியும். ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றாள்.

"எழுதுங்கோ சேர். நாளையான் பாடத்தை இண்டைக்கே சொல்லிக் கெடுக்கமாட்டன்."

அவர் அறிக்கையை எழுதி அதிபரிடம் கொடுத்துவிட்டு, காரைநகர்ப் படகைப் பிடிக்க இறங்குதுறைக்கு நடந்தார்.

அடுத்தநாள் காலை, வகுப்புக்குள் நுழையப்போன கிருசாந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். அதே சுளித்த முகத்தோடு விநாயகமூர்த்தி வந்துகொண்டிருந்தார். அதிபர் பின்னால் ஓடிவந்தார்.

"நேற்று அறிக்கையிலை கையெழுத்துப் போட மறந்துபோனன்," என்றார் அவர்.

"இந்தாங்கோ சேர் பேனை," என்று அதிபர் நீட்டினார்.

"பேனை என்னட்டையும் இருக்குது. அவசரமில்லை, பாடம் தொடங்கட்டும்."

கடைசி வாங்கிலும் இடமில்லை. இரண்டு பிள்ளைகள் நெருங்கி ஒதுங்கிய பிறகுதான் அவர் இருக்க முடிந்தது.

கிருசாந்தி ஒரு கண்ணாடிக் குவளையில் கடல்தண்ணீர் எடுத்து, உடுப்புக்குப் போடும் நீலம் கலந்தாள். அதன்மேல் சாட்டித் தண்ணீரைக் கரண்டியால் மெல்ல மெல்ல வார்த்தாள். நீலம் கீழேயே நின்றது. நல்ல தண்ணீர் மேலே தெளிவாகக் கிடந்தது.

"மழைத்தண்ணி பாரம் குறைவு. கடல்தண்ணிக்கு மேலை மிதக்கும். சாட்டி மணல் அந்த மழையைப் பிடிச்சு வைச்சிருக்குது. எங்கடை நிலம் வெடிச்ச கல்லு. மழையும் நிக்காது, கடலும் உள்ளுக்கை வந்திடும்."

"ஓ!" என்ற சத்தம் வகுப்பு முழுக்க எழுந்தது. கடைசி வாங்கில்தான் அது கொஞ்சம் கூடுதல். கிருசாந்திக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு குவளையைக் கையில் எடுத்தாள்.

"அப்ப சொல்லுங்கோ. சாட்டிக் கிணத்திலை பெரிய மோட்டரைப் போட்டு, இரவுபகலா இறைச்சால் என்ன நடக்கும்?"

மறுபடியும் சந்தைக்கடை. நிலக்ஷன் எழுந்து நின்று கத்தினான். மணி அடித்தது.

குவளையை மூடிவிட்டுக் கிருசாந்தி கடைசி வாங்கைப் பார்த்தாள். அங்கே அதிபர் அறிக்கையை விரித்துக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

விநாயகமூர்த்தி பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"கையெழுத்தை நாளைக்குப் போடுறன் அதிபர். பாடம் இன்னும் முடியேல்லை."